பூட்டின வீட்டில் இருபத்தோரு யூனிட்

"ஆளுண்டோ?" என்று குரல் கொடுத்துவிட்டு, பிரிஜா கேட்டுக்கு வெளியே நின்று மனதுக்குள் ஐந்து எண்ணுகிறார். உள்ளே ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கதவில் தொங்கும் பூட்டு துருவேறிக் கிடக்கிறது. சாவித் துவாரத்தைக் குளவி மண் வைத்து அடைத்துவிட்டது. ஐந்து முடிந்ததும், "செரி, நான் எடுத்துக்கிடுதேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு உள்ளே போய், சிட்அவுட் எனப்படும் முன்திண்ணையின் சுவரில் இருக்கும் மின்மீட்டரை எட்டிப் பார்க்கிறார்.

ஆளில்லாத வீட்டில் எதற்கு இந்த விசாரிப்பு என்று கேட்டேன். "ஒருநாள் உண்டும்னு பதில் வந்துச்செங்கி? கேக்காம உள்ள ஏறினது மரியாதக் கேடுல்லா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

நாற்பத்தொரு வயது. மின் கணக்கீட்டாளர். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புதுக்கடை வரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அந்தப் பாதையில் ஏராளம். ரோஸ் நிறம், பச்சை நிறம், மாடியில் கப்பல், வாசலில் சிங்கம். கட்டியவர்கள் அங்கே, வீடுகள் இங்கே. பிரிஜாவின் பாதையில் மட்டும் நூற்றுப் பதினான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீட்டர் உள்ளே மாட்டிக்கொண்ட வீடாக இருந்தால் 'கதவு பூட்டு' என்று பதிய வேண்டும். அதையே தன்னுடைய பேய்ச் சித்திரக்கதை வரிசைக்கும் பெயராக வைத்துவிட்டார்.

'கதவு பூட்டு' இதுவரை ஐந்து இதழ் வந்திருக்கிறது. முப்பத்திரண்டு பக்கம், கறுப்பு வெள்ளை. படமும் எழுத்தும் பிரிஜாவே. ஒவ்வொரு இதழிலும் ஒரு பூட்டிய வீடு, அதில் ஒரு பேய். புத்தகம் முழுவதிலும் ஒரே ஒரு நிறம் உண்டு, மீட்டரில் மினுக்கும் சிவப்புப் பொட்டு. வண்ணத்தில் அச்சடிக்க வசதியில்லை. ஆகவே அச்சாகி வந்த ஐந்நூறு பிரதியிலும் பிரிஜாவும் கணவர் ரதீஷும் தரையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் பொட்டு வைக்கிறார்கள். ரதீஷ் ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் வைக்கிற பொட்டு கொஞ்சம் பெரிதாக இருக்கும். வாசகர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய பொட்டுப் பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

ரதீஷுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கதையை முதலில் படிப்பவர் அவர்தான். ஆறடி உயரம், தனியாகக் காட்டுக்குள் போய் வேலை செய்கிறவர், ஆனால் பேய் என்றால் தொடை நடுங்கும். படித்து முடித்துவிட்டு, ஒரு காரியமும் இல்லாமல் அடுக்களைக்கு வந்து பிரிஜாவின் பக்கத்தில் நின்றாரென்றால் இதழ் அச்சுக்குப் போகும். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாரென்றால் திருத்தி எழுத வேண்டும். "மூணாம் லக்கம் புக்க வாசிச்சிட்டு வெங்காயம் உரிச்சுத் தாறேன்னு வந்தாரு. அப்பவே அறிஞ்சேன், இது ஓடும்னு" என்றார் பிரிஜா.

விற்பனையில் இறங்கினால் பிரிஜா இன்னும் மோசம். அச்சகத்தில் கழிந்த தாள்களைத் துறைமுகத்துக் கடலை வண்டிக்காரருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். சுடச்சுடக் கடலையைத் தின்றுவிட்டுப் பொட்டலத்தை விரித்தால், கிணற்றிலிருந்து ஒரு கை மேலே வருகிறது. கீழே ஒரு வரி: 'மீதிக் கை பேக்கரியில்.' புதுக்கடை பேக்கரியில் இதழ்கள் கிளிப்பில் தொங்குகின்றன. கடைசிப் பக்கத்தை மட்டும் ஒட்டி, 'தனியாக இருக்கும்போது பிரிக்கவும்' என்று எழுதியிருக்கும். அப்படி எழுதியிருப்பதைத் தனியாக இருக்கும்போது பிரிக்கிறவர் யார்? நாலு பேராகச் சேர்ந்து கடைவாசலிலேயே பிரிக்கிறார்கள். ஒருவர் அலறினால் போதும், பேக்கரிக்காரர் அடுத்த கட்டை எடுத்துத் தொங்கவிடுகிறார்.

ஒருமுறை கை கொஞ்சம் நீண்டுவிட்டது. நான்காம் இதழுக்கு விளம்பரமாக, மீட்டர் அட்டை அளவில் வெள்ளைச் சீட்டு அடித்து வீடுவீடாகப் போட்டார். 'இந்த வீட்டில் கணக்கில் வராத ஒருவர் வசிக்கிறார். விவரம் நான்காம் இதழில்.' மறுநாள் காலை ஒரு பெரியவர், ரேஷன் கார்டோடு மின் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். தன் வீட்டில் ஆறு பேர்தான், ஏழாவது ஆள் யாரென்று எழுதித் தர வேண்டும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி பிரிஜாவைக் கூப்பிட்டார். "அட்டை மாதிரி அடிக்கலாமாம்மா?"

"சாரே, அது கல்யாணக் கார்டுக்க அளவாக்கும்."

"இன்னொரு புகார் வந்தா நான் எழுதி மேலே அனுப்பிருவேன். சொல்லிட்டேன்."

பிரிஜா தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் நான்காம் இதழ் அதற்குள் கடைக்குப் போயிருந்தது.

அந்த இதழில் வருவது மைதீன் கனியின் வீடு. தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ரோஸ் நிறத்தில், கேட்டின் மேல் சிமெண்டுக் கழுகு விரித்த சிறகோடு நிற்கும். மைதீன் கனி குவைத்தில் இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக். மனைவி இல்லை, மகள் கணவனோடு மலேசியாவில். பக்கத்து வீட்டு சைனப் பீவி வாரம் ஒருமுறை கேட்டைத் திறந்து செடிக்குத் தண்ணீர் விடுவார், அவ்வளவுதான். விளக்கு எரிவதில்லை, மோட்டார் ஓடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பிரிஜா போகும்போதும் மீட்டரில் இருபத்தோரு யூனிட் ஏறியிருக்கும். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பிரிஜாவுக்கு அது போதாதா? கழுகு உட்பட வீட்டை அப்படியே வரைந்து, உள்ளே இருபத்தோரு யூனிட் குடிக்கும் ஒரு பேயையும் வைத்துவிட்டார்.

பேய்க்கு மாதிரியும் அவரே. பூட்டிய வீட்டுச் சிட்அவுட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? முடியை அவிழ்த்துவிட்டு, நாக்கை நீட்டி, விரல்களை மடக்கி, செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அதைப் பார்த்து வரைவது அவர் வழக்கம்.

நான்காம் இதழ் வெளிவந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல உச்சி வெயில். அதே வீட்டில் கணக்கு எடுத்துவிட்டு, அடுத்த இதழுக்காகச் சுவரில் நகத்தால் பிறாண்டுவது போல நின்றுகொண்டிருந்தார் பிரிஜா. சிட்அவுட் தூணின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாக்கு கொள்ளாம். கை தான் செரியில்ல."

ஒரு ஆண்குரல். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலக் கரகரவென்று இருந்தது.

அடுத்து நடந்ததில் இரண்டு கட்சி இருக்கிறது. தான் வேகமாக நடந்து வெளியே வந்ததாகப் பிரிஜா சொல்கிறார். மதிலுக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சைனப் பீவி சொல்வது வேறு. "அல்லாவே, கேட்டு தொறந்துதான் கெடந்து. அவ மதிலேறிக் குதிச்சு எனக்க முத்தத்தில விழுந்தா. முடியும் அவுந்து கெடக்கு, நாக்கும் உள்ள போவல்ல. நானும் கூட ஓடினேன்." இருவரும் ஓடும்போது தூண் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறது: "பிள்ளே, செருப்ப எடுத்துட்டுப் போங்க!"

தூணின் சிமெண்டுப் பூ இதழ்களுக்கிடையில், கோழிமுட்டை அளவில் ஒரு கேமரா இருந்தது. பேசும் கேமரா. நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் பிரிஜாவின் செல்போன் அடித்தது. எண்ணை மைதீன் கனி தேட வேண்டியிருக்கவில்லை. இதழின் பின்னட்டையிலேயே போட்டிருக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய அறைக்கூட்டாளி, நேந்திரங்காய் சிப்ஸோடு நான்காம் இதழையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருந்தான்.

விளையாட்டுக் குரல் இப்போது இல்லை. "வீட்ட விக்கணும்னு ஒரு வருசமா ஆளு பாத்தேன். கருங்கல் ஊர்ல ஒரு பல் டாக்டரு வாக்கு தந்தாரு. அவருக்க பெஞ்சாதி நிங்களுக்க புக்க வாசிச்சிட்டு, இந்த வீடு வேண்டாம்னு சொல்லியாச்சு. கழுகக் கூட விடல்லியே நிங்க? நான் நிங்களுக்க ஆபீசுக்கு விளிக்கட்டா?"

அதிகாரி விட்ட எச்சரிக்கையும் பதினோரு வருடக் காத்திருப்பும் பிரிஜாவுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. "தப்புதான் காக்கா. மாப்பாக்கணும். ஆளில்லாத்த வீட்டில மாசாமாசம் கரண்டு ஓடுது. யாரு குடிக்கான்னு நெனச்சுத்தான்..."



"அது நானாக்கும்" என்றார் மைதீன் கனி.

கேமராவும் அதற்கு இணையம் தரும் பெட்டியும் இராப்பகலாக ஓடுகின்றன. அந்த இருபத்தோரு யூனிட் அதுதான். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவர் செல்போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்து, தன் வீட்டுச் சிட்அவுட்டைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பார். அன்று பகலில் யாராவது உள்ளே வந்திருந்தால் கேமரா அதைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் பூனை. சில நாள் சைனப் பீவி. வெள்ளிக்கிழமை விடுமுறையில் மட்டும் பகலிலேயே நேரடியாகப் பார்ப்பார். "ரெண்டு மாசத்துக்கொருக்கா நிங்க. அன்னைக்கு நான் கூட்டாளிமார ஒக்க விளிச்சுக் காட்டுவேன், எனக்க வீட்டுக்கு ஆளு வந்திருக்குன்னு. நிங்க முடிய அவுத்துப் போட்டு ஆடுகது எல்லாம் எங்கிட்ட உண்டு. ஏழு வீடியோ."

புகார் சொல்ல வேண்டாம், மூன்று வாரம் பொறுங்கள், அடுத்த இதழில் நானே இதைச் சரிசெய்து தருகிறேன் என்று பிரிஜா கெஞ்சிக் கேட்டார். அவர் சம்மதித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் பிரிஜா ரதீஷிடம் சொன்னது இதுதான்: "ஒரு பாவப்பட்ட மனுசனுக்கு நான் கோரப்பல்லு வச்சு வரஞ்சிருக்கேன்."

ஐந்தாம் இதழின் பேய், பாலைவனத்தில் வேலை பார்க்கிறது. வேலை முடிந்ததும் மின்கம்பி வழியாக ஊருக்கு வந்து, தன் வீட்டுச் சிட்அவுட்டில் ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறது. திருட வந்தவனை அது விரட்டுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பயப்படுகிறது. பக்கங்களை ஒவ்வொன்றாகக் குவைத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினார் பிரிஜா. மைதீன் கனி லேசில் விடுகிற ஆள் இல்லை. "பேயிக்கு இவ்வளவு தொப்பை எதுக்கு?" என்று ஒருநாள். "மீச வச்சா கொள்ளாம்" என்று மறுநாள். பல்லைக் குறைத்து அனுப்பியபோது, "பல்லு கெடக்கட்டு. பல்லில்லாம என்ன பேயி?" என்று திருப்பி அனுப்பினார்.

ரதீஷ் படித்தார். பிரிஜா அடுக்களையில் காத்திருந்தார். அவர் வரவில்லை. போய்ப் பார்த்தால், முற்றத்தில் நின்றுகொண்டு மஸ்கட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "சும்மத்தான் விளிச்சேன், தின்னியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இதழைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினார் பிரிஜா.

வெளியீடு அதே வீட்டுச் சிட்அவுட்டில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சைனப் பீவி தன் செலவில் பால் விடாத கட்டன்சாயா போட்டார். பல் டாக்டரும் மனைவியும்கூட வந்து ஓரமாக நின்றார்கள். நாற்பது பேர் கூடியபோது தூண் பேசியது: "செருப்ப ஒக்க வெளிய போடுங்க. எனக்க டைல்சு." முன்வரிசை எழுந்து ஓடிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, தூணிடம் சுகம் விசாரித்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரிடம் முடி எங்கே போயிற்று என்று கேட்டார். பேக்கரிக்குப் போக வேண்டிய பிரதிகள் அங்கேயே தீர்ந்துவிட்டன.

டாக்டரின் மனைவிக்கு இப்போது வீடு பிடித்துவிட்டது. தூணின் கீழே நின்று, நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். தூண் தொண்டையைச் செருமியது. "அடுத்த வருசம் பாப்போம். இப்ப ஆளு வந்துகிட்டு இருக்குல்லா" என்றது. டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி புத்தகத்தைப் பார்த்தார்.

போன வாரம் நானும் பிரிஜாவின் பின்னால் ஸ்கூட்டரில் அந்த வீட்டுக்குப் போனேன். குவைத்தில் வேலை நேரம், தூண் பேசவில்லை. கணக்கைக் குறித்து முடித்ததும் பிரிஜா சிட்அவுட்டின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றார். சிமெண்டுப் பூவைச் சுற்றியிருந்த சிலந்தி வலையைத் துப்பட்டா முனையால் துடைத்தார். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, கேமராவின் திருகாணியைத் தளர்த்தினார். இத்தனை வருடம் சிட்அவுட்டையும் மூடிய கேட்டையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததை, மீன்காரிகளும் பள்ளிக்கூட வேனும் போகிற ரோட்டுப் பக்கமாக ஒரு விரல் அளவு திருப்பி வைத்து, மறுபடியும் முறுக்கினார்.