டாக்கிங் ஸ்டேஷனுக்கு ஒரே பிளாட்பாரம்

போன திங்கட்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். பூஜை ஒன்றும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே பயபக்தி.

பெட்டிக்குப் பெயர் டாக்கிங் ஸ்டேஷன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். லேப்டாப்பில் இருந்து ஒரே ஒரு வயரை இதில் சொருகினால் போதுமாம்... ரெண்டு பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இதிலிருந்தே ஓடுமாம். என் மருமகள் நிவேதா விளக்கியபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வயரில் மொத்தக் குடும்பமும் நடக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஓடியது. ஒரு மானிட்டர் மட்டும். மற்றது 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டிவிட்டு இருட்டாகிவிட்டது.

"ஒண்ணுதான் எரியுதே, அத வச்சே வேல பாரேம்மா" என்றேன்.

நிவேதா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன் என்று.

உங்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். நிவேதா வேலை பார்ப்பது சென்னைக் கம்பெனியில். என் மகன் செந்தில் இங்கே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் சூப்பர்வைசர். சூளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியுமா? அதனால் கல்யாணம் ஆனதில் இருந்து இவள் அங்கே ஹாஸ்டலில், அவன் இங்கே எங்களோடு. வெள்ளிக்கிழமை ரயிலேறி வருவாள். ஞாயிறு சாயங்காலம் அவளை ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இவன் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். இதற்கா கல்யாணம் பண்ணி வைத்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கெஞ்சிக் கூத்தாடி, இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். அவளுடைய வேலைக்கு ரெண்டு பெரிய ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். திங்கட்கிழமை மூணு மணிக்கு வீடியோ காலில் வந்து அவரே பார்ப்பார். ரெண்டும் ஓடினால் இங்கேயே இருக்கலாம். ஓடவில்லையா... மறுபடி சென்னை, மறுபடி ஹாஸ்டல், மறுபடி என் மகனின் அந்த ஞாயிற்றுக்கிழமை மூஞ்சி.

இப்போது புரிகிறதா, அந்த 'நோ சிக்னல்' யாருக்கு என்று?

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்தபின் சும்மா இருப்பாரா?

"ஸ்டேஷன பத்தி எனக்குச் சொல்றீங்களா? ஒரு லைன்ல வருது, ரெண்டு லைனா பிரியணும். எங்கியோ பாயிண்ட்டு மாத்தாம வுட்டுட்டாங்க."

"பாயிண்ட்டு எங்க இருக்குதுன்னு பாத்து நீங்களே மாத்துங்களேன்" என்றேன்.

பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினார். "உள்ள ஒண்ணும் ஆடல" என்று சர்ட்டிபிகேட் கொடுத்துத் திரும்ப வைத்தார்.

நிவேதா முறையாகத்தான் தேடினாள். எரிகிற மானிட்டரின் வயரைப் பிடுங்கி இருண்ட மானிட்டரில் போட்டாள். அது பளிச்சென்று எரிந்தது. ஆக, மானிட்டர்மேல் குற்றமில்லை. வயர்களை மாற்றிப் பார்த்தாள். வயர்மேலும் குற்றமில்லை. லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது நான். நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே? அது திரும்பி எழுந்துவர எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடைசியில் தெரிந்தது இதுதான் – பெட்டியின் எந்த வாயில் தனியாகச் சொருகினாலும் வேலை செய்கிறது. ரெண்டையும் சேர்த்துச் சொருகினால் ஒன்று வாயைத் திறப்பதில்லை. எங்கள் சொந்தத்திலும் இப்படி ஆட்கள் உண்டு, தனித்தனியாக வந்தால் தங்கமான மனுஷர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் செந்தில் வந்தான். வாசற்படி ஏறும் முன்பே உள்ளே இருந்து இவர் கத்தினார்.

"டேய், அங்கியே நில்லு! தட்டிட்டு வா!"

களிமண் மாவு. யூனிட்டில் இருந்து வருகிறவன் தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளையாகத்தான் வருவான். எங்கள் தெருவுக்கே அது பழக்கம். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தத் தூசி ஜென்ம எதிரி. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அந்த உறை கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு. விட்டால் என்னையும் ஒரு கவருக்குள் போட்டு வைத்துவிடுவார்.

செந்தில் கை கழுவிவிட்டு செல்போனில் எதையெதையோ தேடிப் படித்தான். முகம் தொங்கிப்போனது.

"காம்பாட்டிபிலிட்டி இல்லம்மா."

"அப்படின்னா?"

"பொருத்தம் இல்ல. டாக்கும் நல்ல டாக்குதான், லேப்டாப்பும் நல்லாதான் இருக்குது. ஆனா இந்த லேப்டாப்பு இந்த டாக்கு வழியா ஒரு ஸ்கிரீன்தான் குடுக்கும் போல."

"வாங்கறதுக்கு முன்னாடி பொருத்தம் பாக்க மாட்டீங்களாடா?" என்றார் இவர்.

பார்த்தோமே! இவர்கள் ரெண்டு பேர் ஜாதகத்தையும் தூக்கிக்கொண்டு நானும் அவரும் ஏறாத ஜோசியர் வீடு உண்டா? ரஜ்ஜுப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று ஒன்றுவிடாமல் பார்த்தோம். இந்தப் பெட்டிக்கும் நட்சத்திரம் பார்த்துத்தான் செந்தில் ஆர்டர் போட்டான் – ஆன்லைனில் நாலரை ஸ்டார். சொருகினால் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்திவிட்டால் சேர்ந்து வேலை செய்யும் என்று நமக்கு யார் சொன்னது? நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

செந்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய் இறங்கவில்லை. "நான் வேணும்னா அரை நாள் லீவு போடட்டுமா?" என்றான்.

"லீவு போட்டு என்னடா பண்ணப் போற? மானிட்டருக்குப் பதிலா நீ எரியப் போறியா?" என்று விரட்டிவிட்டேன். எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அவன் போனதும் நிவேதா கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இவள் தவிப்பைக் கேட்டதும் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். டாக்குல ஒரு மானிட்டர் போடுங்க. இன்னொண்ணை நேரா லேப்டாப்புலயே போட்டுடுங்க. இடது பக்கம் ஹெச்டிஎம்ஐ போர்ட்டு இருக்கும்."

"இல்லையே சார்."

"இருக்கும் மேடம்."

"டாக் சொருகியிருக்கற டைப்-சி மட்டும்தான் இருக்கு."

"உங்க மாடல்ல கண்டிப்பா இருக்கும் மேடம்."

"லேப்டாப்பை நான்தானே சார் கையில வச்சிருக்கேன்!" நிவேதாவுக்குக் குரல் உடைந்தது.

போனை வாங்கினேன். "ஏன் தம்பி, இருக்கற பொருள இல்லன்னு சொல்லணும்னு எங்களுக்கு என்ன வேண்டுதலா? நாங்க ரெண்டு பேரும் கண்ண தொறந்து வச்சிகினுதான் பாக்கறோம்."

"அம்மா, கோச்சுக்காதீங்க... ஓரத்துல கொஞ்சம் தடவிப் பாருங்க."

"தடவிப் பாக்க நாங்க என்ன கண்ணாமூச்சியா ஆடறோம்?"

இவ்வளவு ரகளை நடக்கிறது, எங்கள் வீட்டுக்காரர் குரலே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆளையே காணோம். சண்டை நடக்கிற இடத்தில் இருந்து தானாக எழுந்துபோகிற ஜாதி இல்லையே அவர்? எட்டிப் பார்த்தால் தோட்டத்தில், உச்சி வெயிலில், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அந்தச் செடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏங்க... என்ன பண்ணி வச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலியே." ஒரு செம்புத் தண்ணீர். "லேப்டாப்பு வந்த அன்னிக்கு... தூசி உள்ள போவக் கூடாதேன்னு..." இன்னொரு செம்பு. "சும்மா கெடந்த ஓட்டைக்கெல்லாம் டேப்பு ஒட்டுனேன். நல்லதுக்குத்தான ஒட்டுனேன்?"

கம்பெனி அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்குப் புது லேப்டாப் கொடுத்திருந்தது. அதை இங்கே கொண்டுவந்த அன்றைக்கு, அவள் குளிக்கப் போன நேரத்தில் இந்தக் கைங்கரியம் நடந்திருக்கிறது. கறுப்பு லேப்டாப், கறுப்பு இன்சுலேஷன் டேப். பிளேடில் அளந்து வெட்டி, விளிம்பு தெரியாமல் ஒட்டியிருந்தார். பார்சல் ஆபீஸ் வேலை சுத்தம்!

நிவேதா நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். சர்ரென்று உரிந்து வந்தது. உள்ளே... சமர்த்தாக உட்கார்ந்திருந்தது ஹெச்டிஎம்ஐ.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"சார்... போர்ட்டு இருக்கு."

"எப்படி மேடம்?"

"இப்பதான் தம்பி வந்துச்சு" என்றேன் நான். வேறு என்ன சொல்வது? குடும்ப மானம்.

வயரைச் சொருகினாள். இருண்டிருந்த மானிட்டர் எரிந்தது. ரெண்டு திரை, பக்கத்தில் பக்கத்தில். நான் அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பெண்பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவள் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறபோதெல்லாம் வீடு துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். எனக்கே அப்படி என்றால் அவனுக்கு?

மூணு மணிக்கு மேனேஜர் வந்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். "ரெண்டு ஸ்கிரீனையும் காட்டுங்க நிவேதா" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. கேமரா இருப்பது லேப்டாப்பில். மானிட்டரைக் காட்ட லேப்டாப்பைத் தூக்கித் திருப்ப வேண்டும். தூக்கினால் வயர் இழுக்கும். இழுத்தால் கழலும். நானும் அவரும் சத்தம் போடாமல் மேசைக்குக் கீழே உட்கார்ந்து ஆளுக்கொரு வயரைப் பிடித்துக்கொண்டோம். அவள் மெல்ல மெல்லத் திருப்பினாள். வயரோடு சேர்ந்து எங்கள் தலையும் மேலே எழும்பியது.

"நிவேதா, அது யாரு கீழே?"

அவள் கூசாமல் சொன்னாள், "சப்போர்ட் டீம் சார்."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் லேப்டாப் முழுக்க அதிர்ந்தது. "ஓகே நிவேதா, அங்கிருந்தே கன்டின்யூ பண்ணுங்க" என்றுவிட்டுப் போனார்.

நிவேதா உடனே செந்திலுக்குப் போன் போட்டாள். யூனிட்டின் மெஷின் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "வரப்ப உனக்கு என்ன வாங்கியாரட்டும்?" என்றான். இவளுக்குக் காதுவரை சிரிப்பு.

இவர் மட்டும் மூலையில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். நிவேதா திரும்பினாள்.

"மாமா, அந்த டேப்பு மீதி இருக்கா?"

"அய்யய்யோ, சத்தியமா இனிமே தொட மாட்டேம்மா!"

"அதில்ல மாமா. இந்த ஹெச்டிஎம்ஐ லூசா இருக்கு. கழலாம நல்லா ஒட்டிக் குடுங்க. இது கழண்டா நான் சென்னைக்குப் போகணும்."

அவர் ஒட்டிய ஒட்டுக்கு, இனி கம்பெனி அந்த லேப்டாப்பைத் திரும்பக் கேட்டால் எங்கள் மேசையையும் சேர்த்துத்தான் அனுப்பியாக வேண்டும்.