அப்பாவை மொட்டையாகச் சொல்ல வேண்டிய மொழி

ஜப்பான் மொழிக்கு மூன்று எழுத்து முறைகள் என்று முதல் வகுப்பில் சொன்னபோது, ஏதாவது ஒன்றைப் படித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மூன்றும் ஒரே வரியில் கலந்து வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு, நம்முடையதைப் போல ஒலியை எழுதுபவை. அவற்றில் ஒன்று பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொற்களுக்கு. மூன்றாவது, சீனாவிலிருந்து போன எழுத்து. மலைக்கு ஒரே எழுத்துதான். அதை ஓரிடத்தில் 'யாமா' என்றும் இன்னோரிடத்தில் 'சான்' என்றும் படிக்க வேண்டும். எழுத்தோடு சீன உச்சரிப்பையும் வாங்கிக்கொண்டார்களாம், சொந்தச் சொல்லையும் விடவில்லையாம். வாக்கியம் மட்டும் தமிழ் மாதிரியே வினைச்சொல்லில் முடிந்தது. அதில்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து இந்த வகுப்புக்குப் போனது, ஊருக்கு வெளியே இருக்கும் ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்காக.

நான் தடுமாறியது எழுத்தில் அல்ல. வெளியாரிடம் பேசும்போது நம் வீட்டாரைத் தாழ்த்திச் சொல்வது அவர்கள் வழக்கம். அடுத்தவர் அப்பாவுக்கு மரியாதையான சொல். நம் அப்பாவுக்கு மொட்டையாக ஒன்று.

என் அப்பா லோடு ஆட்டோவில் பட்டுக் கடைகளுக்குச் சேலைக் கட்டு ஏற்றிப் போகிறார். அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் "டேய், இங்க வாடா" என்பார்கள். அதனாலேயே, யாரிடம் பேசினாலும் 'அப்பா சொன்னார்' என்று அழுத்திச் சொல்வது சிறு வயதிலிருந்தே என் பழக்கம்.

"நம்மள தாழ்த்திக்கிறது அவங்களுக்கு நாகரிகம்மா," என்றார் வகுப்பெடுத்த மேடம்.

"தாழக் கூடாதுன்னுதான் மேடம் நான் படிச்சேன்."

"இத இன்டர்வியூல சொல்லி வைக்காத."

இன்டர்வியூவுக்கு அப்பாதான் ஆட்டோவில் கூட்டிப்போனார். வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைய மரியாத இல்லாம பேச ஜப்பான்லேர்ந்து வேற வரணுமா? இங்கியே அதுக்கு ஆளுங்க இருக்குறாங்க," என்றார். பிறகு, "வேல கெடைக்கும்னா சொல்லிட்டுப் போமா. எனக்கா புரியப்போவுது?"

அப்பா என்ன செய்கிறார் என்று உள்ளே கேட்டார்கள். கண்ணாடி முன் பழகிய மொட்டைச் சொல் வரவில்லை. மரியாதையான சொல்தான் வந்தது. எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் வேலை கிடைத்தது. குடும்பத்தைப் பற்றிப் பேசும் விதத்தைப் பயிற்சிக் காலத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

முதல் வாரம் ஜப்பானிலிருந்து ஒரு போன். எங்கள் மேனேஜரைக் கேட்டார்கள். அவர் உள்ளே வந்தால் ஆபீசே எழுந்து நிற்கும். ஆனால் வெளியாரிடம் பேசும்போது ஆபீசும் நம் வீடுதானாம். அவர் பெயரையும் மொட்டையாகத்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். தடையில்லாமல் வந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த மேனேஜர், சரி என்று தலையாட்டினார். அப்படியானால் இது எளியவர்களை மட்டும் தாழ்த்துகிற வழக்கம் இல்லை. இனி அப்பாவையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நேற்று கம்பெனிக்கு வந்த ஜப்பானிய விருந்தாளி ஒருவர் என் வீட்டைப் பற்றிக் கேட்டார். மறுபடியும் மரியாதையான சொல்தான் வந்தது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் அப்பா கூட்டிப்போக வந்தார். "இன்னிக்காச்சும் சரியா சொன்னியாமா?"

"இல்லப்பா. அவருன்னுதான் சொன்னேன்."

"மாட்டப்போற நீ," என்றார், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அது கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை.