ஐந்தாவது ஆயிஷா

ஆயிஷா வென்றவற்றை அண்ணன் உமைர் வரிசை தவறாமல் சொல்வான். சார்ஸ் தொற்றுக் காலத்தில் எட்டாம் மாதமே பிறந்து பிழைத்தாள். பள்ளி இறுதியின் சாதாரண நிலைத் தேர்வில் தமிழுக்கு ஏ1 வாங்கினாள். தாதிமைப் படிப்புக்கு முதல் முறை இடம் கிடைக்காமல், மறு ஆண்டும் விண்ணப்பித்துச் சேர்ந்தாள். இன்று மருத்துவமனையில், தமிழ் மட்டுமே தெரிந்த கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறாள். பிழைத்த பிறகு வந்தவற்றுக்கெல்லாம் வழி திறந்தது, ஏழு வயதுகூட நிரம்பாதபோது தமிழ் வகுப்பில் அவள் பிடித்த ஓர் இடம்.

பிறந்தது 2003 ஏப்ரல் 28. எடை ஒரு கிலோ எண்ணூறு. பதினொரு வயது உமைரை மருத்துவமனைக்குள் விடவில்லை. மார்சிலிங் வட்டாரத்து வீட்டில் வாப்பா ஹனீபா பெயர்களை ஒரு தாளில் எழுதி, பொருளோடு படித்துக் காட்டினார். ஆயிஷா என்றால் வாழ்பவள். வாழ்வைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நபிகளின் துணைவியார் பெயர் என்பதால் எந்த நாட்டு முஸ்லிம் வீட்டிலும் புழங்குவது.

"எல்லார் வீட்லயும் இருக்கே வாப்பா."

"இருக்கட்டும்டா. இப்ப நமக்கு இந்தப் பொருள்தான் வேணும்."

இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளைக்கு அதற்குமேல் பெயர் தேடவில்லை.

2010 ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று. பள்ளிப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தை வாப்பா நிரப்ப மறந்திருந்தார். முதல் நாள் தாய்மொழிப் பாடத்துக்குப் பிள்ளைகளைப் பிரித்த ஆசிரியை, பெயரைப் பார்த்து அவளை மலாய் வகுப்பு வரிசையில் நிறுத்திவிட்டார். அங்கே ஏற்கெனவே நான்கு ஆயிஷாக்கள்.

"டீச்சர் ஆயிஷான்னு கூப்பிட்டா அஞ்சு பேரும் எந்திரிக்கிறோம் நானா," என்றாள் அன்று மாலை. அண்ணனை நானா என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

வாப்பா சிரித்தார். உமைருக்குச் சிரிப்பு வரவில்லை. "தமிழ் கிளாஸுக்கு மாத்தச் சொல்லுங்க வாப்பா."

"விடு லா. மலாய் படிச்சா மதரஸாவுலயும் ஈஸி. தமிழ்தான் வீட்ல பேசுறோமே."

"பேசினா போதுமா? படிக்க வேணாமா?"

"நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச?"

தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறித் தொழிற்கல்விக்குப் போயிருந்தான் உமைர். ஆயிஷாதான் பேசினாள்: "நானா தமிழ்ப் பேப்பர் படிச்சிட்டுத் தனியா சிரிக்குது. எனக்கும் அது படிக்கணும்."

வாப்பா மறுநாள் பள்ளிக்குப் போய்க் கேட்டார். மார்ச் விடுமுறை முடிந்ததும் பிள்ளையைப் பார்ப்போம், விட்ட பாடத்தைப் பிடித்திருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் மலாய்தான் என்றார்கள்.

பத்து வாரம். தினமும் மாலையில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் உமைர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். எந்த எழுத்து என்றைக்குப் படிந்தது என்று தேதி போட்டுக் குறித்தான். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று குழம்பி, ஒரு நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுதாள். மறுநாள் அவளே பென்சிலோடு முதலில் இறங்கிப் போனாள்.

விடுமுறை முடிந்ததும் வாப்பாவும் உமைரும் அவளோடு பள்ளிக்குப் போனார்கள். தமிழாசிரியை மோகனப்பிரியா புத்தகத்தைப் பிரித்து வைத்தார். "இந்தப் பக்கத்தப் படிம்மா."

இரண்டு வரி ஓடியது. மூன்றாவதில் நின்றாள். உமைர் வாயைத் திறந்தான்.

"நீங்க சொல்லாதீங்க தம்பி."

ஆயிஷா அந்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, முற்றுப்புள்ளி வரை போய்த்தான் மூச்சு விட்டாள்.

"மெதுவாத்தான் படிக்கிறா. ஆனா விடமாட்டேங்கிறா," என்று சொல்லி ஆசிரியை மாற்றப் படிவத்தை எடுத்தார். வாப்பா கையெழுத்துப் போட்டார். கீழே மாணவருக்கு ஓர் இடம் இருந்தது.

"நீயே போடும்மா."

"தமிழ்லயா டீச்சர்?"

"பின்ன?"

நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று எழுத்தையும் எழுதி, வாப்பாவைப் போலவே அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

ஆயிஷா முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2010 மார்ச் 22, திங்கட்கிழமை.