லொரெட்டாவின் பிஸ்கட்டும் எங்கள் பாஸ்போர்ட்டும்

லொரெட்டா போய்விட்டாள். காலையில் அவளுடைய மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்... நித்திரையிலேயே போய்விட்டாளாம்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பயம். ஏன் என்று இப்போதே எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்குத் துணிவு வராது.

எழுபத்தைந்தாம் ஆண்டு. சிட்னி, ஹோம்புஷ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான். நானும் லொரெட்டாவும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. அவள் டெக்சஸ்காரி, ஒஸ்ரேலியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கிட்டத்தட்ட என் வயதுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பிஸ்கட் கொண்டுவருவாள். தேத்தண்ணியில் தோய்க்கிற இனிப்புச் சாமான் இல்லை... கோதுமை மா, பட்டர், புளித்த மோர், உப்பு. இரண்டு விரல் தடிப்பு, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

அவளுடைய அப்பா ஒரு மாட்டுப் பண்ணையில் சமையல்காரராம். கவ்போய்மார் விடிய இரண்டைத் தின்றுவிட்டுக் குதிரை ஏறினால் மத்தியானம் வரைக்கும் பசிக்காதாம். அவர் பன்றிக் கொழுப்பில்தான் செய்வார். நான் சைவம் என்று தெரிந்த அடுத்த நாளே இவள் பட்டருக்கு மாறினாள், அதைப் பெரிதாகச் சொல்லிக்காட்டவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, செய்து காட்டுகிறேன் என்று எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். என் கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"முதலில் ஓவனைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கு. குளிர்ந்த ஓவனில் வைத்தால் பிஸ்கட் கல்லாகிவிடும்" என்றாள். நான் குமிழைத் திருகி மூட்டினேன். நான்தான்.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஓவன் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்தானே... அலுமாரி! மூட்டுவதற்கு முன் தாச்சியையும் பெரிய சட்டியையும் வெளியே எடுத்திருந்தேன். குனிந்து பார்க்கவில்லை.

அவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய ரொபி மிட்டாய்த் தகரப்பெட்டி இருந்தது. கள்ளன் தேடாத இடம் என்று இவர் வைத்தது. அதற்குள் எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும். செவ்வாய்க்கிழமை அவற்றைக் கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், இந்த நாட்டில் தொடர்ந்து இருப்பதற்கு முத்திரை குத்துவிக்க.

மாவைத் தட்டி, தம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தோம். பெயின்ற் கருகுகிற மணம் வந்தது. "பாஸ்போர்ட்" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது.

லொரெட்டா ஓவனைத் திறந்து வெறுங்கையை உள்ளே விட்டாள். துணி எடுக்கக்கூட நிற்கவில்லை. தகரம் நிலத்தில் விழுந்து திறந்தது... பாஸ்போர்ட் மட்டைகள் சுருண்டு, என் படம் இருந்த பக்கம் கரிந்து போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து இவர் வந்தார். இவருடைய கோபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

"ஆர் இதை மூட்டினது?"

"இவதான்... நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் விரல் அவளைக் காட்டிக்கொண்டு நின்றது. வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "ஐ ஆம் சோ சொறி" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள், கையில் பெரிய கட்டோடு. அதிகாரிக்கு முன்னாலும் அதையே சொன்னாள், தன் பிழை என்று.

அவர் பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

கடைசியில், புதுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ஒரு கடிதம் தந்தார்கள். புதுப் பாஸ்போர்ட் வந்துசேர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் யார் கதவைத் தட்டினாலும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்.

ஒருநாள் படுக்கை விரிப்பு மடிக்கும்போது கேட்டேன், ஏன் ஒத்துக்கொண்டாய் என்று.

"பிஸ்கட் கருகினால் எங்கள் அப்பா இரும்புச் சட்டியைத் தூக்கி எறிவார், ஹனி. நானும் யாரையாவது கைகாட்டியிருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவே இல்லை.

இவர் அவளை எங்கள் வீட்டுப் படி ஏற விடவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் இல்லை, மகளின் கலியாணத்துக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்துதான் கதைப்போம். அங்கேயும் பிஸ்கட் கொண்டுவருவாள்.

ஒவ்வொரு முறையும், இன்றைக்கு இவரிடம் சொல்லியே தீருவது என்று வீட்டுக்கு வருவேன். செருப்பைக் கழற்றும்போதே துணிவும் கழன்றுவிடும். இப்படியே இத்தனை வருடம்...

இன்று காலை போனைப் பிடித்தபடி நான் நின்றதைக் கண்டு, இவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"ஆரப்பா செத்தது?"

"லொரெட்டா."

"எந்த லொரெட்டா? எங்கட பாஸ்போர்ட்டை எரிச்சவளோ?"

"ஓம்" என்றேன்.

அவள் செத்த அன்றைக்கும் ஓம் என்றேன். கைத்தடி பிடித்து நடக்கிற ஒரு கிழவருக்குப் பயந்து.

இவருக்கு முகநூல் இல்லை. பின்னேரம் மகள் வருவாள். நான் எழுதுவதை எல்லாம் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவளுடைய வழக்கம். இதையும் வாசிப்பாள்... எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சாருங்கோ, ஓவனை மூட்டினது அவ இல்லை. நான்.

போயிட்டு வா, லொரெட்டா.