பதினோராவது கேள்வி

பேஜ்காரர் என்றால் அந்த அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடநூல்களுக்குப் பக்கம் கட்டுகிற வேலை. முதலில் ஈய எழுத்தில், பிறகு கம்ப்யூட்டரில். வாயைத் திறப்பது அபூர்வம். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பாழாய்ப்போன தலைவிதியைப் பாருங்கள்: சொந்த அண்ணன் செத்த கதையை அவரே திரும்பத் திரும்பத் திருத்தவேண்டி இருந்தது.

அண்ணன் ஆலைத் தொழிலாளி. வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் ஆலை வாசலிலேயே விழுந்தார். வயிற்றில் பிள்ளையோடு நின்ற அண்ணியைத் தம்பிதான் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எட்டாம் வகுப்பு வரலாற்றில் அண்ணன் கலவரக்காரர் ஆனார். ஆட்சி மாறியது, தியாகி ஆனார். மறுபடி மாறியது, 'வருந்தத்தக்க சம்பவம்' ஆனார். செத்தது ஒரு தடவை, போட்ட வேஷமோ மூன்று. கலவரக்காரனாக இருந்தபோதுகூடப் பேஜ்காரருக்கு ஒரு அற்ப ஆறுதல் இருந்தது: திட்டுவதற்காகவாவது நினைக்கிறார்களே.

கடைசியாக ஒரு நிபுணர் குழு வந்தது. நாலு நாட்டு வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்களாம். தலைவர் அச்சகத்துக்கே வந்து பேஜ்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்பல்லாம் எந்த நாட்டுலயும் பிள்ளைங்களுக்குப் பழைய சண்டையைச் சொல்லித் தர்றதில்லைங்க. வரலாற்றைப் புதுசாப் பார்க்கணும்."

புதுசாகப் பார்ப்பது என்றால் பார்க்காமலே விடுவதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டார். அண்ணனைப் பற்றிய பத்தி போனது. பக்க எண் மாறக் கூடாதென்பதால், அதே பாடத்திலிருந்த பாலத்தின் படத்தைப் பெரிதாக்கி இடத்தை அடைத்தார்.

அந்தத் தொழிலில் இன்னொரு சட்டமும் உண்டு: திருத்தக் குறி இல்லாத எழுத்தைத் தொடக் கூடாது. குழு பாடத்தைத் திருத்தியதே தவிர, கடைசியிலிருந்த கேள்விகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பதினோராவது கேள்வி அப்படியே இருந்தது: 'ஆலை வாசலில் தொழிலாளர்கள் ஏன் சுடப்பட்டனர்?' பேஜ்காரர் பார்த்தார். தொடவில்லை. சட்டம் சட்டம்தானே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

இத்தனை பிள்ளைகளில் ஒன்றாவது எழுந்து நின்று கேட்காதா? பள்ளி திறந்த பிறகு அந்த நினைப்பிலேயே சாப்பிட்டார், அந்த நினைப்பிலேயே பஸ் ஏறினார்.

அண்ணன் மகள் டீச்சர். அதே வகுப்பு, அதே பாடம். ஒரு சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டார்.

"அந்தப் பாடம் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சித்தப்பா. பின்னாடி ஒரு கேள்வி, பாடத்துலயே இல்லாதது வந்திருந்துச்சு. அடிச்சுடச் சொல்லிட்டேன்."

"ஏன்னு யாரும் கேக்கலையா?"

"ஒருத்தி கேட்டா. பரீட்சைக்கு வராது, உட்காருன்னேன்."

"அது உங்கப்பாவைப் பத்தின கேள்விம்மா."

"தெரியும் சித்தப்பா." அவள் பேனா நிற்கவில்லை. "கலவரக்காரன் பொண்ணுன்னு வகுப்புல தனியா உட்கார வெச்சாங்க. அப்புறம் தியாகி பொண்ணுன்னு மேடையில ஏத்தினாங்க. ரெண்டும் நான் கேட்டு வரல. போதும், விட்டுடுங்க."

அவர் விட்டுவிட்டார். அவளிடம் சண்டை போட அவருக்கு என்ன யோக்கியதை? பத்தியை எடுத்த கை அவருடையதுதானே.

அடுத்த பதிப்புக்கான திருத்தம் வந்தது. இந்த முறை பதினோராவது கேள்விமேல் குறி இருந்தது. பேஜ்காரர் அழித்தார். பன்னிரண்டாவது கேள்வி மேலே ஏறிப் பதினொன்றானது: 'பாலம் கட்டப்பட்ட ஆண்டு எது?'