நாற்றுக்கு நின்ற பஸ்

தஞ்சாவூர் வெயில் கொளுத்துகிறது என்று மற்றப் பிள்ளைகள் அலுத்துக்கொண்டால் அம்சத்துக்குச் சிரிப்பு வரும். சேற்றில் குனிந்து நிற்கிறவள் முதுகில் காய்கிற வெயிலை அவளுக்குத் தெரியும். கல்லூரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, விண்ணரசியோடு கதை பேசியபடி பார்க்கிற வெயில் வேறு சங்கதி. அந்த வெயில் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பூவாளங்குடி தெற்குத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா கிடையாது. அம்மா காளியம்மாள் நடவுக்கும் களைக்கும் போய்த்தான் வளர்த்தாள். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் தாவரவியல், இரண்டாம் வருஷம். செம்பருத்திப் பூவை நெடுக்காக அறுத்துப் படம் போட உட்கார்ந்தால் வகுப்பில் அவளை அடிக்க ஆள் கிடையாது. மத்தியான இங்கிலீஷ் வகுப்பில் தூங்குவதிலும் அப்படித்தான். பக்கத்தில் உட்காரும் விண்ணரசி, விடுதியில் தங்கிப் படித்த பெண், இவளை இடித்து இடித்தே தன் முழங்கை தேய்ந்துபோனதாகச் சொல்லுவாள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்ததில் மண் விழுந்தது எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு குறுவை அறுவடையின்போது. மெட்ராசில் கழக ஆட்சி, மேடைக்கு மேடை நில உச்சவரம்புப் பேச்சு. இங்கே வரப்புக்கு வரப்பு செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று தெற்குத் தெரு உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கடைசியில் பண்ணையார் இறங்கி வந்தார். கேட்ட கூலியைக் கொடுத்தார். ஆனால் மனுஷனுக்கு வீம்பு போகுமா? மன்னார்குடியிலிருந்து எங்கள் ஊர் வழியாகத் தஞ்சாவூருக்குக் காலையில் ஓடுகிற ஒரே பஸ் அவருடையது. இனி அது தெற்குத் தெரு முக்கில் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அடுத்த நிறுத்தம் மூன்று மைல். அம்சம் இருட்டோடு கிளம்பி வாய்க்கால் கரையோரமாக ஓடுவாள். பாதி நாள் பஸ் முந்திவிடும், பாதி நாள் இவள் முந்துவாள். ஐப்பசி மழை பிடித்ததும் கரை உடைந்து அந்த வழியும் போயிற்று. மனு எழுதிக் கொண்டுபோனால், பஸ் தன் இலாகா இல்லை என்று தாசில்தார் கையை விரித்தார். கல்லூரியிலோ வருகை குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் பரீட்சை எழுத விடமாட்டோம், உபகாரச் சம்பளமும் நின்றுபோகும் என்று கூப்பிட்டே சொல்லிவிட்டார்கள். சம்பளம் நின்றால் படிப்பு நின்றது என்று அர்த்தம்.

இரண்டு நாள் வீட்டில் படுத்து அழுதாள். மூன்றாம் நாள் காலையில் பழைய புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மாவோடு தாளடி நடவுக்கு இறங்கிவிட்டாள். காளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நட ஆரம்பித்தாள். மகளைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

வயல் பண்ணையாருடையது, ரோட்டை ஒட்டினாற்போல் இருந்தது. தூரத்தில் ஹாரன் கேட்டதும் அம்சம் நிமிர்ந்தாள். அவள் கையில் ஒரு முடி நாற்று, ஒரு கைப்பிடிக் கட்டு. நடவு நேரத்தில் அந்தப் பக்கம் யார் போனாலும், பெண்கள் நாற்று முடியைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்து மறித்து இனாம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரிய மனுஷனானாலும் நின்று கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். வைத்த நாற்றைத் தாண்டக் கூடாது, மிதிக்கவே கூடாது. மிதித்தால் அந்த வயல் விளங்காது என்பார்கள்.

அம்சம் விறுவிறுவென்று கரையேறினாள். ரோட்டு நடுவில் நாற்றை வைத்தாள், பின்னாலேயே நின்றாள். காளியம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள். மகளை இழுக்கத்தான் வந்தாள். வந்தவள் என்ன நினைத்தாளோ, தன் கையிலிருந்த முடியையும் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு முடியாக ரோட்டுக்குக் குறுக்கே பச்சை வரப்பே எழும்பிவிட்டது.

டிரைவர் ரெத்தினம் பாடு திண்டாட்டம். நிறுத்தினால் முதலாளி உத்தரவு போச்சு. நிறுத்தாமல் போனால் முதலாளி வயலுக்குப் போகிற நாற்றின் மேலேயே சக்கரத்தை ஏற்றவேண்டும். அவரும் நாலு மா நிலம் உழுகிற குடும்பம். கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

கண்டக்டர் இளையபெருமாள் இறங்கி வந்து, தொந்தரவு விட்டால் சரி என்று ஒரு நாணயத்தை நீட்டினார்.

"காசு வேணாங்க," என்றாள் அம்சம். "தஞ்சாவூருக்கு ஒரு சீட்டு குடுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் வரை சேறு. கேட்பதோ முன்பு தினம் ஏறிக்கொண்டிருந்த காலேஜ் பெண். பஸ்ஸுக்குள்ளிருந்து, ஏத்திக்கிட்டுத்தான் போங்களேன் என்று நாலைந்து குரல் வந்தது. அதிராம்பட்டினத்துக் கலந்தர் ராவுத்தர் என்று ஒரு வியாபாரி, எழுந்து தன் இடத்தையே கொடுத்தார். இளையபெருமாள் சீட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார். அது அன்றைய இனாம்.

கல்லூரிக் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, விண்ணரசி கொடுத்த பாவாடை தாவணியில் முதல் மணிக்கே வகுப்பில் இருந்தாள். அன்று இங்கிலீஷ் வகுப்பில்கூடத் தூங்கவில்லை.

மறுநாளும் நாற்று ரோட்டுக்கு வந்தது. அதற்கு மறுநாளும். பெண்களுக்கும் அது ஒரு குஷியாகிவிட்டது. ஹாரன் கேட்டதும் குலவை போட ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் பண்ணைக் காரியக்காரர் வரப்பில் வந்து நின்று தாம்தூம் என்று குதித்தார். பண்ணை நாற்றை ரோட்டில் போட யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார்.

காளியம்மாள் நிமிர்ந்தாள். "எடுத்துடுறோங்க. நாத்தையும் எடுத்துடுறோம், நாங்களும் கரையேறிடுறோம். பருவம் இன்னும் பத்து நாள்தான் இருக்கு, நீங்களே நட்டுக்குங்க."

காரியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார், பிறகு வந்த வழியே போனார். பண்ணையாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பண்ணையார் வாயிலிருந்து பஸ்ஸைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

நடவு அடுத்த வாரம் உள்வயல்களுக்குப் போய்விட்டது. ரோட்டோரம் ஈ காக்கை இல்லை. கையில் புத்தகம், தலையில் ஒரு துண்டு கனகாம்பரம். அம்சம் முக்கில் தனியாக நின்றாள். மறிக்க ஒரு நாற்றுகூடக் கிடையாது. இன்றைக்கு நிற்காமல் போனால் எல்லாம் பழையபடிதான்.

பஸ் வந்தது. வந்த வேகத்தில் தாண்டிவிடும் போலிருந்தது. பிறகு மெள்ளத் தணிந்து, சரியாக அவள் எதிரில் படி வரும்படி நின்றது. இளையபெருமாள் கதவைத் திறந்து உள்பக்கம் திரும்பி, மன்னார்குடி, தஞ்சாவூர் என்று கூவுகிற அதே ராகத்தில் கூவினார்.

"அம்சம் ஸ்டாப்பிங். எறங்குறவங்க எறங்குங்க."

ஒருவரும் இறங்கவில்லை. அம்சம் ஏறினாள்.