இத்தாக்காத் தீவும் ஒரு ஸ்வெற்றரும்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் டன்ஃபோர்த் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, இத்தாக்கா என்னும் சிறிய கிரேக்கத் தீவில் பிறந்தவர். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த என் கணவருக்காக ஒரு ஸ்வெற்றர் பின்னிக்கொண்டிருந்தேன். அதன் இடது கை நீண்டுவிட்டதைக் கண்டு பிரிக்கத் தொடங்கியபோது, வீட்டுக்காரி பதறி ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டார்.

"பிரிக்காதே! எங்கள் தீவின் அரசி நெய்ததைப் பிரித்துப் பிரித்து நெய்தாள். புருஷன் திரும்பி வர இருபது வருடமாயிற்று."

அந்தப் பழங்கதையை நான் படித்திருந்தேன். தன்னை மணக்க வந்தவர்களைத் தட்டிக்கழிக்கவே அரசி அப்படிச் செய்தாள் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகள் காத்திருந்த எனக்கு அதைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. அப்படியே பின்னி முடித்தேன்.

அடுத்த மாரிக் குளிரில் விசா கிடைத்து வந்திறங்கிய கணவர், விமான நிலையத்திலேயே அதைப் போட்டுப் பார்த்தார். இடது கை விரல்களையும் மூடியது.

"இஞ்சேரும், மற்றக் கைக்குக் குளிராதோ?"

சிரிப்புக்கும் அழுகைக்கும் இடையில் நடந்ததைச் சொன்னேன்.

"இருபது வருசமோ? அப்ப பிரிக்க வேண்டாம், மடிச்சுவிடும்" என்று கையை என்னிடம் நீட்டினார்.